பத்து வயசு பொண்ணுக்கு சாக்ஸபோன்: எத வாங்கறது, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

குரோம்பேட்டை_அம்மா:

வணக்கம். என் பொண்ணுக்கு போன மாசம்தான் பத்து வயசு முடிஞ்சது. வைகாசில எங்க வீட்டு கல்யாணம் ஒண்ணுல நாதஸ்வரத்துக்கு பதிலா சாக்ஸபோன் செட் சொல்லியிருந்தாங்க, ரெண்டு சாக்ஸு ஒரு தவிலு, இவ பந்திக்குக்கூட வராம அவங்க உக்காந்திருந்த ஜமுக்காளத்து ஓரத்துலயே போய் உக்காந்துட்டா, அவங்க ஊதி முடிச்சு பெட்டிய மூடற வரைக்கும் எழுந்திரிக்கல. அன்னிலேர்ந்து ஒரே பேச்சுதான், எனக்கு அது வேணும்னு. சும்மா ஆசைல சொல்றான்னு நாலு மாசம் விட்டுப் பார்த்தோம், இன்னும் அதையேதான் கேக்கறா. ரெண்டு வருஷமா கீபோர்டு க்ளாஸ் போறா, நோட்டு படிக்க தெரியும், கொஞ்சம் பாட்டும் கத்துக்கிட்டா, சரளி ஜண்டை அலங்காரம் வரைக்கும்.

என் கேள்வி என்னன்னா ஆல்டோ, டெனர், சோப்ரானோன்னு மூணு நாலு சைஸ் இருக்காமே, இவ நாலடி நாலு அங்குலம்தான், ஒல்லி, இவளுக்கு எது சரியா வரும்? ஆன்லைன்ல 24,000 ரூபாய்க்கு புதுசு ஒண்ணு பார்த்தோம், பெட்டி, பத்து ரீடு, கையுறை, துடைக்கற துணி எல்லாம் சேர்த்து, நீலக் கலர்ல கூட இருக்கு. யமஹான்னு கேட்டா ஒரு லட்சத்த தாண்டுது, அது எங்களால முடியாது. 40,000 வரைக்கும் எடுத்து வைக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. பழசு வாங்கலாமா, வாங்கினா ஏமாந்துடுவோமா? கர்நாடகமா வெஸ்டர்னான்னு இன்னும் முடிவு பண்ணல, வாத்தியாரும் இன்னும் பார்க்கல. என் மாமியார் சின்னப் பிள்ளைக்கு மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும்னு பயப்படறாங்க, அதுக்கும் யாராவது பதில் சொன்னா நல்லாருக்கும்.

ரீட்_நம்பர்_ரெண்டு:

நான் பதினாலு வருஷமா குழந்தைங்களுக்கு சாக்ஸ் சொல்லித்தரேன் (வெஸ்டர்ன், கிரேடு எக்ஸாமுக்கு). மொதல்ல சைஸ முடிச்சுடலாம், ஆல்டோ. பத்து வயசுக்கு வேற யோசனையே வேண்டாம். டெனர் நீளமும் ஜாஸ்தி வெயிட்டும் ஜாஸ்தி, இந்த வயசுல வலது கை பின்னாடி போய் தோள் ஒரு பக்கம் சாஞ்சுடும். சோப்ரானோ சின்னதா இருக்கே குழந்தைக்கு ஈஸியா இருக்கும்னு நிறைய பேரு நினைக்கறாங்க, ஆனா அதுல சுருதி நிக்க வைக்கறதுக்கு உதடு நல்லா பழகியிருக்கணும், ஆரம்பத்துக்கு அது ரொம்ப கஷ்டம். ஆல்டோ ரெண்டரை கிலோ பக்கம் வரும். கழுத்துல மாட்டற பட்டைய வாங்காதீங்க, ரெண்டு தோள்லயும் மாட்டற ஹார்னஸ் கிடைக்குது, அத வாங்குங்க, இந்த வயசுல கழுத்தெலும்புல அவ்வளவு பாரம் தொங்கக்கூடாது.

உயரத்த விட விரல்தான் முக்கியம். கடைக்கோ வாத்தியார் வீட்டுக்கோ கூட்டிட்டுப் போய் கைல குடுத்துப் பாருங்க, வலது சுண்டுவிரல் கீழ இருக்கற சி கீய (சி சொரத்துக்கு அமுக்கற பொத்தான்) மத்த விரல எடுக்காம அமுக்குதா, இடது சுண்டுவிரல் ஜி ஷார்ப்ப தொடுதா, இது ரெண்டும் முடிஞ்சா ஆரம்பிச்சுடலாம். முடியலன்னா ஆறு மாசம் ரெக்கார்டர் வாசிக்க விடுங்க, நானூறு ஐநூறு ரூபாய்தான் ஆகும், அதுல இடது கையோட பி, ஏ, ஜி அப்படியே சாக்ஸ்ல வர்ற அதே விரல்தான், அந்த ஆறு மாசம் வீணாப் போகாது. இன்னொண்ணு பல்லு. மேல் முன் பல்லு ரெண்டும் மவுத்பீஸ் (வாயில வெச்சு ஊதற பாகம்) மேல உக்காரணும், கீழ உதடு கீழ்ப்பல்ல மூடிக்கிட்டு ரீடுக்கு (மவுத்பீஸ்ல மாட்டற மெல்லிசு நாணல் பட்டை) மெத்தை மாதிரி இருக்கணும், அதனால முன் பல்லு விழுந்து முளைச்சு முடிஞ்சிருக்கணும். பத்து வயசுல முடிஞ்சிருக்கும். அப்பறம் பல்லுக்கு கிளிப் போட்டாலும் வாசிக்கலாம், ஒரு மாசம் கஷ்டப்படுவாங்க அவ்வளவுதான்.

பாட்டிகிட்ட சொல்லுங்க, இதுக்கு பலம் வேண்டாம், பழக்கம்தான் வேணும். மொத மாசம் அஞ்சு நிமிஷம் ஊதி ரெண்டு நிமிஷம் ஓய்வு, ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல நானே விடமாட்டேன். மூச்சு வாங்கறதுக்கு முன்னாடி உதடுதான் களைக்கும். குழந்தைக்கு இளைப்பு, வீசிங் எதாவது இருந்திருந்தா மட்டும் டாக்டர ஒரு தடவ கேட்டுக்கோங்க.

ரீடு நம்பர் (அது எவ்வளவு கெட்டிங்கற அளவு) 1.5 இல்லன்னா 2, அதுக்கு மேல இப்ப வேண்டாம். கடைல 2.5 எடுத்துக் குடுப்பாங்க, குழந்தைக்கு வெறும் காத்து சத்தம்தான் வரும், அப்பறம் எனக்கு வரலன்னு விட்டுடும். மவுத்பீஸ் யமஹா 4சி தனியாவே விக்கறாங்க, ரொம்ப செலவாகாது, எந்த சாக்ஸ் வாங்கினாலும் கூட வர்ற மவுத்பீஸ ஓரமா வெச்சுட்டு இத போடுங்க. நான் மொத ரெண்டு க்ளாஸ்ல சாக்ஸ கைலயே குடுக்க மாட்டேன், மவுத்பீஸ மட்டும் குடுத்து ஊத சொல்வேன், சுருதி காட்டற ட்யூனர் ஆப்ல ஏ காட்டற வரைக்கும். அது ஆடாம நின்னுடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது.

அந்த 24,000 நீல சாக்ஸ் பத்தி அடுத்தவங்க சொல்லட்டும், எனக்கு அத பத்தி பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாது.

நொய்யல்_கரை:

நான் சொல்றேங்க. மூணு வருஷத்துக்கு முன்ன என் பையனுக்கு பதினொன்னு, இதே மாதிரி ஆன்லைன்ல பளபளன்னு ஒண்ணு வாங்கினேன், பேரு யாரும் கேள்விப்படாத பேரு, அத இங்க எழுத வேண்டாம். வந்த அன்னிக்கு வீடே திருவிழா மாதிரி இருந்துச்சு, பாட்டி திருஷ்டி சுத்திப் போட்டாங்க. மொத ரெண்டு வாரம் பி, ஏ, ஜி மூணும் நல்லாத்தான் வந்துச்சுங்க. அப்பறம் எஃப், ஈ, டின்னு கீழ எறங்க ஆரம்பிச்சதும் சத்தம் ஒடைஞ்சு மேல் ஸ்தாயிக்கு தாவிரும். பையன் இன்னும் வேகமா ஊதுவான், மூஞ்சி செவந்துரும், டி வராது. வாத்தியார் வாரம் ஒரு நாள்தான் வருவாரு, அவரு எடுத்து ஊதினா எப்படியோ வர வெச்சுருவாரு, அதனால எல்லாருமே பையனுக்குத்தான் இன்னும் பழகலைன்னு நெனச்சுட்டோம். நானே ரெண்டு மூணு தடவ சரியா ப்ராக்டீஸ் பண்ணலைன்னு சத்தம் போட்டிருக்கேன். அஞ்சு மாசம் இப்படியே ஓடுச்சு.

கடைசில ரிப்பேர் பண்றவரு ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனப்ப, அவரு சாக்ஸ் உள்ள ஒரு லைட்ட விட்டு ரூம் லைட்ட அணைச்சாரு, மேல இருக்கற பேடுங்க (துளைய மூடற தோல் மெத்தைங்க) மூணு எடத்துல வெளிச்சம் கசியுது. மேல ஒரு பேடு சரியா மூடலன்னா அதுக்குக் கீழ இருக்கற சொரம் எல்லாமே கெட்டுரும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். சரி பண்ணித் தாங்கன்னேன். பண்ணித்தரேன் ஆனா நிக்காது, கீ எல்லாம் மெத்து உலோகம், கொஞ்சம் அமுக்கினாலே வளையுது, ரெண்டு மாசத்துல மறுபடி வருவீங்க, உங்க காசு எனக்கு வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டாரு. நேர்மையான மனுஷன்.

பணம் போனது கூட பெருசில்லைங்க. வீட்டுக்கு வந்து பையன்கிட்ட, தப்பு உன்மேல இல்ல கண்ணு, சாக்ஸ்லதான் ஓட்டைன்னு சொன்னேன். அவன் ஒண்ணுமே பேசல. அஞ்சு மாசமா தனக்கு வராதுன்னே முடிவு பண்ணி வெச்சிருந்தான் போல. அப்பறம் பழைய யமஹா ஒய்ஏஎஸ் 23 ஒண்ணு, வாத்தியார் மூலமா, 45,000க்கு வாங்கி 9,000 செலவு பண்ணி சர்வீஸ் பண்ணோம். மொத நாளே டி வந்துச்சு, அதுக்குக் கீழ சியும் வந்துச்சு. ஆனா பழைய ஆசை திரும்பி வர்றதுக்கு ஒரு வருஷம் புடிச்சுது. தயவு செஞ்சு அந்த நீலக் கலர வாங்காதீங்க.

குரோம்பேட்டை_அம்மா:

படிச்சு மனசு கஷ்டமாயிடுச்சு, நாங்க கார்ட்ல போட்டே வெச்சிருந்தோம், எடுத்துட்டேன். ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். கல்யாணத்துல கேட்ட மாதிரி கர்நாடகம் வாசிக்கணும்னா அதுக்கு தனி சாக்ஸ் எதாவது வாங்கணுமா? யூட்யூப்ல சாக்ஸ் வித்வான் கத்ரி கோபால்நாத் கச்சேரி போட்டுக் காட்டினேன், அவரு வெச்சிருந்தது வேற மாதிரின்னு யாரோ கமெண்ட்ல எழுதியிருந்தாங்க.

சீவாளி:

எங்க வீடு மூணு தலைமுறையா நாதஸ்வரம், நான் இருபது வருஷமா சாக்ஸும் சேர்த்து வாசிக்கறேன், கும்பகோணம் பக்கம். கடைல கர்நாடக சாக்ஸுன்னு தனியா ஒண்ணும் கிடையாதும்மா. அதே ஆல்டோதான். கத்ரி ஐயா அவங்க அப்பாகிட்ட நாதஸ்வரம் கத்துக்கிட்டவரு, மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸ் சத்தத்த கேட்டுட்டு அதுதான் வேணும்னு பிடிச்சவரு, உங்க பொண்ணு ஜமுக்காளத்துல உக்காந்த மாதிரிதான்னு வெச்சுக்கோங்களேன். கமகத்துக்கு (சொரத்த அசைச்சு வாசிக்கறதுக்கு) ஏத்த மாதிரி தன் வாத்தியத்துல சில மாத்தம் பண்ணிக்கிட்டாரு, அது பல வருஷம் வாசிச்ச கை தனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கிட்டு பண்ணினது. 1994ல லண்டன்ல பிபிசி ப்ராம்ஸ் சங்கீத விழால வாசிச்சாரு, அங்க கூப்பிட்ட மொத கர்நாடக சங்கீதக்காரர் அவருதான்னு சொல்வாங்க. 2019ல போயிட்டாரு. இன்னிக்கு கல்யாணத்துக்கு கல்யாணம் சாக்ஸ் செட் இருக்குன்னா அது அவரு போட்ட ரோடு. ஆனா பத்து வயசு குழந்தைக்கு வாத்தியத்துல ஒரு மாத்தமும் பண்ணாதீங்க, கடைல எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்.

நாதஸ்வரத்துல விரல் நேரா துளை மேல இருக்கும், பாதி மூடலாம், கால் மூடலாம், சீவாளிய (நாதஸ்வரத்தோட ரீடு) உதட்டால இழுக்கலாம். சாக்ஸ்ல விரலுக்கும் துளைக்கும் நடுவுல ஒரு மூடி இருக்கு, அதனால அசைவெல்லாம் உதட்டுலயும் தொண்டைலயும் கீய பாதி விடறதுலயும் கொண்டு வரணும். இதுக்கு மொதல்ல வெறும் சொரம் ஆடாம நிக்கணும். அதனால மொத ஒரு வருஷம் கர்நாடகம் வெஸ்டர்ன்னு பிரிச்சுப் பார்க்காதீங்க, நீளமா ஊதி நிறுத்தற பயிற்சி ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

கீபோர்டு தெரிஞ்ச குழந்தைங்கறதால ஒண்ணு சொல்லி வெச்சுடறேன், இல்லன்னா மொத நாளே குழம்பிடும். ஆல்டோல சின்னு எழுதியிருக்கறத வாசிச்சா வர்ற சத்தம் நம்ம கணக்குல ரெண்டரை கட்டை சுருதி, கீபோர்டுல ஈ ஃபிளாட். டெனர்ல அதே சி ஆறரை கட்டை. அதனால கீபோர்டு சி கூட சேர்ந்து வாசிக்கணும்னா ஆல்டோல ஏ பிடிக்கணும். கர்நாடகத்துக்கு வரும்போது கீழ் சிய ஸட்ஜமா (ஆதார ‘ஸ’வா) வெச்சா மந்தரத்துல (கீழ் ஸ்தாயில) எறங்க எடமே இருக்காது, வாத்தியத்துல அதுக்குக் கீழ பியும் பி ஃபிளாட்டும்தான் இருக்கு. எஃப்ப ஸட்ஜமா வெச்சா கீழ பஞ்சமம் சில வந்துடும், மத்யமம் பி ஃபிளாட்ல வந்துடும், அது அஞ்சரை கட்டை. எத வைக்கறதுங்கறத குரு குழந்தையோட கைய பார்த்து சொல்லுவாரு. அதனால மொதல்ல குருவ பாருங்க, அப்பறம் சாக்ஸ் வாங்குங்க. குரு இல்லாம வாங்கின சாக்ஸு பரண்லதான் இருக்கும், எங்க தெருவுலயே நாலு வீட்ல இருக்கு.

ஸ்காபரோ_ராணி:

நான் கனடாவில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். இங்க கன பள்ளிக்கூடங்களில ஏழாம் எட்டாம் வகுப்பிலயே பாண்ட் வந்திடும், என்ர மகனுக்கு ஆல்டோ குடுத்தவை. வீட்ட கொண்டு வாறதுக்கு நாங்கள் லாங் அண்ட் மக்குவேட் எண்ட கடையில மாத வாடகைக்கு எடுத்தனாங்கள், பிள்ளை விட்டிட்டான் எண்டால் திருப்பிக் குடுக்கலாம், பிடிச்சுக்கொண்டால் பிறகு வாங்கலாம். அங்க உங்களுக்கு அப்பிடி வசதி இருக்கோ எண்டு வாத்தியாரிட்டயே கேட்டுப் பாருங்கோ, சில வாத்தியார்மார் பழைய மாணவற்ற சாக்ஸை வாடகைக்கு விடுவினம் எல்லோ. மூண்டு மாசம் வாடகைக்கு வச்சுப் பாத்தால் பிள்ளைக்கு உண்மையா விருப்பமோ எண்டு உங்களுக்கும் தெரியும், காசும் மிச்சம்.

இன்னொண்டு, வாசிச்சு முடிஞ்ச உடன ரீட்டைக் கழட்டி அதின்ர கூட்டில வைக்கப் பழக்குங்கோ. மகன் மவுத்பீஸிலயே விட்டிட்டு லீவுக்கு வந்து ரெண்டு கிழமை கழிச்சுத் திறக்க முழுக்கப் பூஞ்சணம். ஜூஸ் குடிச்சிட்டு அப்பிடியே ஊதவும் விடாதேங்கோ, சீனி போய் பேடில ஒட்டும், பிறகு கீ எழும்பாது. வாயைக் கொப்பளிச்சிட்டு வாசிக்கச் சொல்லுங்கோ.

வைகைப்_பட்டறை:

மதுரைல பேண்டு வாத்தியம் ரிப்பேர் பண்றேன். பழசு வாங்க போறீங்கன்னா நான் பார்க்கறத அப்படியே சொல்றேன், எழுதி எடுத்துக்கிட்டு போங்க. மொதல்ல பெட்டிய தெறந்ததும் மோந்து பாருங்க, ஈர வாட வந்தா பேடு எல்லாம் போயிருக்கும். அப்பறம் கழுத்து, அதான் மவுத்பீஸ் மாட்டற வளைஞ்ச குழா, அத சைடுல வெச்சு கண்ணுக்கு நேரா பாருங்க, வளைவு தட்டையா கீழ எறங்கியிருந்தா, அடில சுருக்கம் விழுந்திருந்தா அத தொடாதீங்க. கழுத்த உடம்புல சொருகி திருக இறுக்கிட்டு ஆட்டிப் பாருங்க, ஆடக்கூடாது. உடம்பு குழாய ஒரு கண்ண மூடிக்கிட்டு நீளத்துக்கு பாருங்க, கீழ போட்டிருந்தா லேசா வில்லு மாதிரி இருக்கும், அப்படி இருந்தா கம்பி எல்லாம் உராயும், சரி பண்றது பெரிய வேலை. நீளக் கம்பிங்கள விரலால மேலயும் கீழயும் அசைச்சுப் பாருங்க, லொட லொடன்னு இருக்கக்கூடாது.

தங்கக் கலர் உரிஞ்சிருக்கு, அங்கங்க கறுத்திருக்கு, மணில (கீழ விரிஞ்சிருக்கற வாய்ப் பகுதி) சின்ன சொட்டை இருக்குன்னா அதப் பத்தி கவலையே படாதீங்க, சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, வெல கொறைக்க சொல்லி கேக்கறதுக்குத்தான் அது ஒதவும். பேடு தோலு வெறச்சு கறுத்திருந்தா மாத்தணும், அந்த செலவ வெலைல கழிச்சு கேளுங்க. ஸ்பிரிங்கு ஊசி மாதிரி இருக்கும், மெட்ராஸ் மாதிரி கடலோரத்துல துரு புடிக்கும், ரெண்டு மூணு துரு இருந்தா மாத்திக்கலாம், எல்லாமே துருன்னா வேற பாருங்க.

கடைசியா வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, புது ரீடு ஒண்ணு கைல எடுத்துக்கிட்டு. மேலேர்ந்து ஒவ்வொரு சொரமா மெதுவா, சத்தத்த கொறைச்சு ஊதிக்கிட்டு கீழ் பி ஃபிளாட் வரைக்கும் எறங்க சொல்லுங்க. பலமா ஊதினா கசியற சாக்ஸும் வாசிக்கும், மெதுவா ஊதி கீழ் பி ஃபிளாட் வந்துட்டா அந்த சாக்ஸ நம்பலாம். ஜி ஷார்ப் கீ ஒட்டிக்கிட்டு எழும்பலன்னா பயப்படாதீங்க, புதுசுலயும் ஒட்டும், பேடுக்கு அடில மெல்லிசு பேப்பர வெச்சு லேசா அமுக்கி எடுத்தா சரியாயிடும்.

யமஹா பழசு ஒய்ஏஎஸ் 23, 25, 275 இதெல்லாம் பாகம் கிடைக்கும், எங்களுக்கும் வேலை பண்ண சொகமா இருக்கும். ஜுபிட்டர் கம்பெனில ஸ்டூடண்ட் மாடலும் நல்லா உழைக்கும். பெட்டில நோட்டுப் புஸ்தகத்த சாக்ஸ் மேல வெச்சு மூடாதீங்க, எங்கிட்ட வர்ற ஸ்கூல் பிள்ளைங்க சாக்ஸ்ல பாதி அப்படித்தான் கீ வளைஞ்சு வருது. தூக்கறப்ப மணிய புடிச்சு தூக்க சொல்லுங்க, கம்பிய புடிக்கக்கூடாது.

குரோம்பேட்டை_அம்மா:

ஆறு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். நீங்க எல்லாரும் சொன்ன மாதிரி மொதல்ல வாத்தியார தேடினோம், பல்லாவரத்துல ஒருத்தர் கிடைச்சாரு, பேண்டுலயும் வாசிச்சிருக்காரு, கர்நாடகமும் தெரியும். அவரு வீட்டு சாக்ஸ இவ கைல குடுத்துப் பார்த்தாரு, கீழ் சி எட்டிடுச்சு, ஜி ஷார்ப் மட்டும் கொஞ்சம் இழுத்து பிடிக்கணும், ஆறு மாசத்துல சரியாயிடும்னாரு. நாலு வாரம் 4சி மவுத்பீஸ மட்டும்தான் வீட்டுக்கு குடுத்து விட்டாரு. தினம் சாயந்தரம் வாத்து கத்தற மாதிரி ஒரு சத்தம், பக்கத்து வீட்ல வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க. ட்யூனர்ல ஏ நின்ன அன்னிக்கு வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு காட்டினா, மாமியார்தான் மொதல்ல கை தட்டினாங்க.

போன ஞாயித்துக்கிழம வாத்தியாரோட போய் ஒரு பழைய யமஹா 275 பார்த்தோம், வாசிச்சிட்டிருந்த பையன் காலேஜ் சேர்ந்து வெளியூர் போயிட்டானாம். மதுரை அண்ணா சொன்னது எல்லாம் பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போயிருந்தேன், ஒவ்வொண்ணா பார்த்தேன், வித்தவங்களே ஆச்சரியப்பட்டாங்க. கழுத்து வளைவு சரியா இருந்துச்சு, மணில ஒரு சொட்டை, கலர் ஒரு பக்கம் போயிருந்துச்சு. நாலு பேடு மாத்தணும்னு வாத்தியார் சொன்னாரு. 48,000 கேட்டாங்க, 42,000ல முடிஞ்சது, சர்வீஸுக்கும் ஹார்னஸுக்கும் சேர்த்து வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் போட்டாரு. வாத்தியார் மெதுவா ஊதி எறங்கிட்டு வந்தாரு, கீழ் பி ஃபிளாட் வந்துச்சு, தரையே லேசா அதிர்ற மாதிரி இருந்துச்சு.

இப்ப சர்வீஸ்ல இருக்கு, வெள்ளிக்கிழம வருது. அவ ஹார்னஸ மாட்டிக்கிட்டே வீட்ட சுத்தறா.